பெண் பிள்ளைகள் கபடி அணிக்குப் பணம் சேர்ப்பது எப்படி? வசூல் நோட்டைத் தவிர வழி உண்டா?

கேள்வி (12 ஜூலை 2025)

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டம். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளை வைத்துக் கபடி அணி ஆரம்பித்திருக்கிறோம். பதினான்கு பேர், எட்டாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கிறவர்கள். திடல் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார். காசுதான் இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கடைவீதியில் ஏறி இறங்கினால், "இப்பதானே திருவிழாவுக்குக் கொடுத்தோம்" என்கிறார்கள். வெளியூர்ப் போட்டிக்கு வேன் வாடகைக்கே வழியில்லை. மன்றம் நடத்துகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

12 ஜூலை, இரவு

நான் பேராவூரணி பக்கம். எங்கள் ஊர் மன்றத்தில் பொருளாளர். பையன்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உண்டு.

"கபடிக்கு ஏதாவது பார்த்துப் போடுங்க" என்று கேட்காதீர்கள். ஐம்பதோ நூறோ வரும், அதோடு அந்தக் கடை வாசல் ஒரு வருஷத்துக்கு மூடிவிடும். பொருளைச் சொல்லிக் கேளுங்கள். "பதினாலு பிள்ளைகளுக்கு ஷூ வேணும், ஒரு ஜோடி இவ்வளவு விலை, நீங்க ரெண்டு ஜோடி எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டால் அவர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். கணக்குப் போட ஆரம்பித்த மனிதர் முழுசாக இல்லை என்று சொன்னதை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு முடியாவிட்டால் ஒன்று கொடுப்பார். கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதுகிற ஊர்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தின் வழியாகவே போவோம்.

13 ஜூலை

பட்டியலில் என்னென்ன வைப்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்த்து திருப்பூரில் எங்களுக்கு 380 ரூபாய்க்கு அடித்துக் கொடுத்தார்கள், பின்னால் பெயரும் எண்ணும் அதிலேயே அடக்கம். ஷூ 700க்குக் குறைந்து நல்லது கிடைக்காது. திண்டுக்கல் வரை போய்வர வேன் 9,000. இவையெல்லாம் எல்லோரும் எழுதுவது. எழுத மறப்பது வேறு. பிள்ளைகளின் நாப்கின், வலிக்கு அடிக்கிற ஸ்பிரே, கிரேப் பேண்டேஜ், வழியில் சாப்பிட வாழைப்பழமும் கடலை மிட்டாயும். அப்புறம், பிள்ளைகளுக்குத் துணையாக வருகிற அம்மாவின் ஒருநாள் கூலி. நடவு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுத்தான் வேனில் ஏறுகிறார். அதைக் கட்டாயம் செலவில் எழுதுங்கள். துணைக்குப் பெண் வராவிட்டால் பாதி வீடுகளில் பிள்ளையை அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. அந்தக் கூலியை ஏற்றுக்கொள்ள எங்கள் ஊரில் ஒரு டீச்சர் இருக்கிறார். வருஷம் முழுக்க அவர் பொறுப்பு அது ஒன்றுதான்.

15 ஜூலை

நோட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருவிழா, பந்தல் என்று வந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். அப்போது முதல் பெயரில் கவனம் வையுங்கள். பிள்ளையார் சுழி போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவி, முதல் ஆளிடம் நீட்டும்போது அவர் 200 எழுதினால் அந்த நோட்டு முழுக்க 200ம் 100மாகத்தான் வரும். அடுத்தவர் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் மேலே யார் எவ்வளவு என்றுதான் பார்ப்பார். மனசோடு கொடுக்கிற ஒருவரை முன்கூட்டியே பார்த்துப் பேசி, முதல் வரியை அவர் கையால் எழுத வையுங்கள்.

பிள்ளைகளை நோட்டோடு கடைக்கு அனுப்பாதீர்கள். பள்ளிச் சீருடையில் நின்று கைநீட்டிய ஞாபகம் அவர்களுக்கு எதற்கு? கேட்பது பெரியவர்கள் வேலை.

20 ஜூலை

மேலே ஒருவர், வெளிநாட்டில் செய்வதுபோல் பரிசுக் குலுக்கல் சீட்டு போடலாம், டிக்கெட் ஐம்பது ரூபாய், முதல் பரிசு மிக்ஸி என்று யோசனை சொல்லியிருக்கிறார். செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிக்குத் தடை. காசு வாங்கிச் சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான், நோக்கம் நல்லது என்பதற்காக யாரும் விட்டுவிடமாட்டார்கள். புகார் கொடுக்க பக்கத்து ஊர் அணி ஒன்று போதும்.

ஏலம் வேறு விஷயம். திருவிழாவில் எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் ஏலம் போவது நமக்குப் பழகியது. போட்டி முடிகிற இரவில் ஒரு வாழைத்தார், ஒரு சேவல் என்று யாராவது கொடுத்ததை ஏலம் விட்டால் நல்ல கலகலப்பு, கொஞ்சம் காசும் சேரும்.

2 ஆகஸ்ட்

நாளைக்கு ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை ஆடி 18 அன்றுதான் வெளியிடுவார்கள். ஜனவரிக்கு இப்போதே என்ன அவசரம் என்று நினைக்க வேண்டாம், ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகள் இந்த வாரத்திலிருந்தே சுற்ற ஆரம்பிப்பார்கள்.

நாங்கள் செய்வது மாதக் காலண்டர். பன்னிரண்டு தாள், பன்னிரண்டு கடை. ஒவ்வொரு தாளுக்கும் கீழே ஒரு கடையின் விளம்பரம், மேலே அணியின் படம். தாளுக்கு 2,000 என்றால் 24,000 வந்துவிடும். 400 பிரதி அடிக்க 14,000 ஆனது. மீதி பத்தாயிரம் அணிக்கு. விலைக்கு விற்பதில்லை, வீட்டுக்கு ஒன்று சும்மாவே கொடுத்துவிடுகிறோம். ஊரில் எல்லாச் சுவரிலும் தொங்கும் என்பதால்தான் கடைக்காரர் பணம் தருகிறார். உரக்கடை ஆடி, ஆவணி கேட்கும். ஜவுளிக்கடை ஐப்பசி கேட்கும். சித்திரைக்கு நகைக்கடைகள் முந்தும், அட்சய திருதியை வருகிறதே. தை மாதத்துக்கு மட்டும் போட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் இரண்டு பாத்திரக்கடைக்காரர்களைச் சமாதானப்படுத்தப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

படம் போடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் அம்மா, அப்பா இருவரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை இல்லாத படத்தைப் போடுங்கள். பெயரையும் வகுப்பையும் அச்சிட வேண்டாம்.

3 ஆகஸ்ட்

காலண்டரை விட எங்களுக்கு நிலையாகச் சோறு போடுவது எது என்பதை நேற்றே எழுதியிருக்கலாம், இரவு நேரமாகிவிட்டது. தேங்காய்.

இது தென்னை ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தோப்புகள் சாய்ந்தபோது, கேட்பவருக்கும் வாயில்லை, கொடுப்பவருக்கும் வழியில்லை. மன்றம் கிட்டத்தட்ட நின்றே போனது. மறுபடி எழுந்தபோது ஒரு பெரியவர் சொன்ன யோசனை இது: காசு கேட்காதே, ஒவ்வொரு வெட்டுக்கும் தோப்புக்கு ஐந்து காய் கேள். வெட்டு நடக்கிற அன்று பையன்கள் இரண்டு பேர் சாக்கோடு போவார்கள். ஐந்து காய் யாருக்கும் கையைக் கடிப்பதில்லை. பலர் பத்தாகவே போடுவார்கள். ஒரு சுற்றுக்கு இருநூறு காய்க்குக் குறைவதில்லை, வருஷத்துக்கு ஆறு சுற்று வந்துவிடும். வியாபாரி எண்ணி எடுத்துக்கொண்டு மன்றக் கணக்கில் போட்டுவிடுகிறார். காய்க்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 4,000. இதுதான் எங்கள் வேன் வாடகை. மேடை இல்லை, மைக் இல்லை, யாரும் யாரிடமும் தலைசொறிந்து நிற்கவில்லை.

உங்கள் பக்கம் என்ன விளைகிறது? ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் என்றால் முந்திரி. வீட்டுக்கு ஒரு படி கொட்டை, பறிக்கிற காலத்தில். சோளம் போடுகிற ஊர் என்றால் களத்திலேயே ஒரு மரக்கால். விளைச்சல் கைக்கு வருகிற நேரத்தில் கொடுப்பது நம் ஆட்களுக்கு எளிது.

10 ஆகஸ்ட்

"உங்க ஊர்ப்பக்கம்தான் மொய் விருந்து பிரசித்தமாச்சே, அணிக்காக ஒரு மொய் விருந்து வைக்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். ஆடி மாதம் என்பதால் கேட்டிருப்பார். இங்கே கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி எங்கும் இப்போது பந்தல்தான்.

மொய் நன்கொடை அல்ல. எழுதிய ஒவ்வொரு ரூபாயும் திரும்பிப் போக வேண்டியது. வட்டி கிடையாது, ஆனால் அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதையும் போட்டு, மேலே புதிதாகவும் எழுத வேண்டும். நோட்டில் நிற்கிற கணக்கு அப்பாவுக்குப் பின் மகனுக்கு வந்து சேரும். ஒரு குடும்பம் கிணறு வெட்டவும் கடை வைக்கவும் அது நல்ல முதல். அணியின் பெயரில் வாங்கினால் யார் திருப்பிச் செய்வது? இன்று ஆடுகிற பிள்ளை நாலு வருஷத்தில் கல்யாணமாகிப் போய்விடும். மன்ற நிர்வாகிகள் மாறுவார்கள். கடன் மட்டும் நிற்கும். வேண்டவே வேண்டாம்.

வேறொன்று செய்யலாம். மொய் விருந்து நடத்துகிறவர் வீட்டில் பரிமாற ஆள் வேண்டும். எங்கள் பையன்கள் அணி பந்தியில் இலை போட்டுப் பரிமாறப் போகிறது, வீட்டுக்காரர் மன்றத்துக்கு ஒரு தொகை தருகிறார். உழைத்து வாங்குகிற காசு. பையன்களுக்கும் அதில் பெருமை இருக்கிறது. அன்றைக்குக் கறிச்சோறும் உண்டு, அதனால் பயிற்சிக்கு வராதவன்கூட அன்று முதல் ஆளாக வந்து நிற்பான்!

24 ஆகஸ்ட்

ஜெர்சியில் யார் பெயரைப் போடுவது என்ற சண்டை மேலே நடக்கிறது. என் கருத்து இதுதான். மதுக்கடை, புகையிலை, வட்டிக்கடை எதுவும் பிள்ளைகள் முதுகில் ஏறக்கூடாது. ஆன்லைன் ரம்மி, பேன்டசி ஆட்டக் கம்பெனிகள் உள்ளூர்ப் போட்டிகளுக்குக்கூடப் பணத்தோடு வந்தன. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு இந்த வாரம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆகவே அந்தப் பேச்சு முடிந்தது.

கட்சிக்கொடி, சாதிச் சங்கப் பெயர், சாதித் தலைவர் படம் இவை பற்றித்தான் ஊரில் யாரும் வாய்திறப்பதில்லை. எங்கள் பெண்கள் அணியில் மூன்று தெருப் பிள்ளைகள் ஒரே களத்தில் கைகோத்து நின்று பிடிக்கிறார்கள். ஒரு சங்கத்தின் பெயரை ஜெர்சியில் போட்ட மறுநாள் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். பெரிய தொகையோடு ஒருவர் வந்தபோது, "பணம் கொடுங்க, பெயர் வேணும்னா உங்க அம்மா பெயரைப் போடுறோம்" என்றோம். அவர் கொடுக்கவில்லை. அந்த வருஷம் பழைய ஜெர்சியிலேயே ஆடினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

14 செப்டம்பர்

பதிவு, வங்கிக் கணக்கு பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிந்தால் மன்றப் பெயரில் வங்கிக் கணக்கு, தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்து. கியூஆர் அட்டை அந்தக் கணக்குக்குத்தான் போகவேண்டும். செயலாளரின் சொந்த போன் எண்ணுக்கு ஜிபே வாங்கி உடைந்த மன்றங்கள் எத்தனையோ. திருட்டு நடக்க வேண்டியதில்லை, அவர் வீட்டுப் பணமும் அணிப் பணமும் கலந்தாலே போதும், சந்தேகம் முளைத்துவிடும்.

80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு) வாங்கினால் பணம் கொட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கொட்டாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பையன்கள் பற்றி. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறவர், கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான அனுமதி இல்லாமல் மன்றம் தொடக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் "அண்ணே, அனுப்புங்க" என்று போடுவதற்கு முன்னால் யார் எந்த பாஸ்போர்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

15 செப்டம்பர்

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், பற்றி எழுத விட்டுப்போனது. அரியலூர்க்காரர் இதைக் கவனிக்கவேண்டும், உங்கள் மாவட்டம் முழுக்க சிமெண்ட் ஆலைகள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, 5 கோடி நிகர லாபம் அல்லது 1,000 கோடி விற்றுமுதல் அல்லது 500 கோடி நிகர மதிப்பு உள்ள கம்பெனி, சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கான பயிற்சி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் ஒரு நாள் போட்டிக்கு ஸ்பான்சர் என்று கேட்டால் அதில் வராது. பயிற்சி என்று கேளுங்கள். மன்றத்தின் கையில் பணமாகக் கொடுக்க 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், மூன்று வருஷ அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 பதிவு என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாகக் கபடி மேட் (களத்தில் போடும் விரிப்பு) வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கே கம்பெனி நேரடியாகக் கொடுக்கட்டும், பிள்ளைகள் அங்கேயே பழகட்டும். தலைமையாசிரியர் கடிதத்தோடு போங்கள்.

27 அக்டோபர்

பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம்! சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பெண்கள் அணியில், எங்களுக்குப் பக்கத்து வடுவூர் அபினேஷ் ஆண்கள் அணியில். ஆளுக்கு 25 லட்சம் அரசு கொடுத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இரண்டு நாளாக அந்தப் பெண் கபடி பாடிப்போகிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் சேர்க்கிற பேச்சில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய நேரம் இந்த வாரம்தான். "பொண்ணுங்களுக்கு எதுக்குக் கபடி?" என்று கேட்ட அதே கடைக்காரர் நேற்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தி ஷூ விலை கேட்டார்.

9 நவம்பர்

அரசிடமிருந்து கிடைப்பவை பற்றி யாரும் எழுதவில்லை. 2024லிருந்து ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்திருக்கிறது, 33 வகைச் சாமான்கள். உங்கள் ஊராட்சிக்கும் வந்திருக்கும், கேட்டு வாங்கிப் பழகுங்கள். தேசிய, சர்வதேசப் போட்டிக்குத் தேர்வாகிற பிள்ளை இருந்தால், 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பார்த்தால் வழி சொல்வார். திடலுக்கு வேலி, விளக்கு மாதிரி நிலையான வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தை விசாரியுங்கள், பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று, மீதி அரசு. தேங்காய்க் காசைச் சேர்த்து அந்தப் பங்கைக் கட்டவேண்டும் என்று எங்களுக்கும் ஓர் ஆசை இருக்கிறது.

21 டிசம்பர்

பொங்கலுக்கு மின்னொளிப் போட்டி நடத்துகிறோம், பெண்கள் 55 கிலோ. மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பது பற்றி இரண்டு பேர் எதிரும் புதிருமாக எழுதியிருப்பதால் எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். "இந்த ரெய்டில் பாயிண்ட் எடுத்தால் நூறு ரூபாய்" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆண்கள் ஆட்டத்தில் ரூபாய் நோட்டைக் கொண்டுபோய் ஜெர்சியில் குத்துவார்கள். பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் எவரும் கோட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. பணம் மைக் மேடையில், பெயர் எழுதிய கவரில், ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் அம்மா கையில். மன்றம் அதில் ஒரு ரூபாய் எடுக்காது. அணிக்குத் தனி உண்டியல் இருக்கிறது. போன வருஷம் ஒரு தாத்தா, தன் பேத்தியைப் பிடித்து அமுக்கிய எதிரணிப் பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் அறிவித்தார். திடலே எழுந்து நின்று கைதட்டியது. பேத்திதான் வீட்டுக்குப் போகிறவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

20 ஜனவரி 2026

போட்டி முடிந்தது. கணக்கை டீக்கடை பக்கத்துப் பலகையில் எழுதியாகிவிட்டது, இங்கேயும் போடுகிறேன்.

பரிசுத்தொகை 22,000 முழுக்க உபயதாரர்கள், அது வந்ததும் போனதும் சமம். மற்ற வரவு: பதினாறு அணி நுழைவுக் கட்டணம் 4,800. அம்மாமார் போட்ட பஜ்ஜி, சுண்டல் கடை செலவு போக 6,400. தள்ளுவண்டிகள் கொடுத்த இடவாடகை 1,500. வாழைத்தார் ஏலம் 3,100. கடைகள் உபயம் 14,000. ஆக 29,800. செலவு: லைட், மைக், ஜெனரேட்டர் 9,000. நடுவர்கள் 4,500. சாப்பாடு 5,200, அரிசியை ஊர் கொடுத்துவிட்டதால் இவ்வளவோடு நின்றது. கோப்பை, பதக்கம் 3,800. சில்லறை 1,900. ஆக 24,400. மீதி 5,400.

ஊரே இரண்டு ராத்திரி தூங்காமல் உழைத்து மிஞ்சியது ஒன்றேகால் சுற்றுத் தேங்காய்க் காசு. போட்டியைப் பணத்துக்காக நடத்த நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பதினாறு அணியாக வந்து நம் திடலில் ஆடியதற்காக நடத்தலாம், தாராளமாக நடத்தலாம். எங்கள் பிள்ளைகள் அரையிறுதி வரை வந்தார்கள்.

22 ஜனவரி

அரியலூர்த் தம்பி தனிச்செய்தியில் எழுதியிருந்தார். முந்திரிக்கு இன்னும் நாளிருக்கிறதாம், பறிக்கிற வீடுகளில் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். ஷூ பதினான்கு ஜோடிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நல்லது தம்பி. ரசீதுப் புத்தகத்தை எண் போட்டு அச்சடியுங்கள், முந்திரிக்கும் படிக்கணக்கில் ரசீது கொடுங்கள்.

எனக்கு ஒரு தகவல் வேண்டும். அகாடமிகளோ கல்லூரிகளோ மாற்றிப்போட்ட பழைய கபடி மேட், ஓரம் தேய்ந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, விலைக்குக் கொடுப்பது யாருக்காவது தெரியுமா? பெண்கள் களம் 12க்கு 8 மீட்டர். முழுசாக இல்லாவிட்டாலும் பாதிக் களத்துக்குக் கிடைத்தால் பிடிப் பயிற்சிக்கு ஆகும். ஏற்றிவர லாரி எங்கள் பொறுப்பு.